வெள்ளிக்கிழமை மட்டும் போன நெட்

1. நான் போனால் வேலை செய்யும்

சர்வீஸ் வேலையில் ஆளை எரிச்சல்படுத்துவது பெரிய ரிப்பேர் இல்லை. கஸ்டமர் போனில் புலம்புவார், நாம் வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு போய் நிற்போம், அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் எரிச்சல். கூத்தாநல்லூர் நிஜாமுதீன் பாய் கடையில் எனக்கு அது வாரா வாரம் நடந்தது.

நான் அப்போது திருவாரூரில் ஒரு கம்ப்யூட்டர் சேல்ஸ் அண்ட் சர்வீஸ் கடையில் இன்ஜினியர். இன்ஜினியர் என்பது விசிட்டிங் கார்டில். படித்தது பாலிடெக்னிக் டிப்ளமோ. எங்கள் பக்கம் பிராட்பேண்ட் வந்த புதிது. மன்னார்குடியிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்தது. கூத்தாநல்லூரில் இன்னும் அதிகம். அங்கே பல வீடுகளில் யாராவது ஒருவர் சபுரில் இருப்பார். வெளிநாட்டுப் பிழைப்புக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். கடிதத்துக்கும் ஐ.எஸ்.டி. பூத்துக்கும் காத்திருந்த வீடுகள் வெப்கேமராவைக் கண்டதும் விடவில்லை. வெள்ளிக்கிழமை அங்கே வளைகுடாவில் லீவு. அன்றைக்குத்தான் பாய் கடையில் கூட்டம். அன்றைக்குத்தான் நெட் போகும்.

"ஏம்மா சுமதி, இன்னக்கியும் போச்சு. பாதி கேபின் வேல செய்யல. சனங்க வந்து உக்காந்துக்கிட்டு என்னய பாக்குதுங்க" என்று சாயங்காலம் போன் வரும். சனிக்கிழமை காலையில் நான் போவேன். எல்லா கேபினிலும் படம் ஓடும். பாய் என்னை ஒரு பார்வை பார்ப்பார். பொய் சொல்லிவிட்டோமே என்கிற பார்வை இல்லை. நீ ஏதோ மறைக்கிறாய் என்கிற பார்வை. எனக்குக் கோபம் வரும். இருந்தாலும் அவர் டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்புவார், அதனால் கோபத்தை வண்டியில் ஏறிய பிறகு வைத்துக்கொள்வேன்.

2. அட்ரஸ் கொடுக்கிற வேலை

பாய்க்கு என் மேல் சந்தேகம் வந்ததற்குக் காரணம் இருந்தது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

நெட்வொர்க்கில் இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக ஒரு ஐ.பி. அட்ரஸ் வேண்டும். ஒரே அட்ரஸ் இரண்டு மெஷினுக்கு விழுந்தால் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு நிற்கும். பாய் கடையில் முதலில் எல்லா மெஷினுக்கும் கையால் எண் போட்டு வைத்திருந்தோம். ரிப்பேருக்குப் போன மெஷின் திரும்பி வந்து வேறு கேபினில் உட்காரும், பழைய எண்ணோடு. உடனே தகராறு. விளையாட்டாக செட்டிங்ஸை மாற்றிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அலுத்துப் போய், எல்லாவற்றையும் டி.எச்.சி.பி.க்கு மாற்றினேன்.

அதில் மெஷினுக்கென்று நிரந்தரமாக எண் கிடையாது. ஆன் ஆனதும் அது கேபிளில் பொதுவாகக் குரல் கொடுக்கும்: யாராவது இருக்கீங்களா, எனக்கு ஒரு அட்ரஸ் கொடுங்கள். பாயின் மேசையடியில் இருந்த மெயின் மெஷின் அதற்குப் பதில் சொல்லும்: இந்தா, இதை வைத்துக்கொள், வெளியே போக வேண்டுமானால் என் வழியாகப் போ. கொடுப்பது சொந்தமாக இல்லை, ஒரு காலத்துக்கு. அதற்கு லீஸ் என்று பெயர்.

பாய்க்கு இது பிடிக்கவில்லை. "அப்ப நாலாம் நம்பர் கேபினுக்கு நாலாம் நம்பரு சொந்தமில்லியா?"

"குத்தகைதான் பாய். எங்கப்பா கோயில் நெலத்த உழுவுறாரே, அது மாதிரி. காலம் முடியறதுக்குள்ள புதுப்பிச்சுக்கணும். மெஷினே அதப் பண்ணிக்கும்."

"குத்தகைக்காரன் என்னக்கிம்மா நிம்மதியா இருந்தான்?" என்றார். எங்கள் வீட்டு நிலைமை தெரிந்தவர் போலச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அட்ரஸ் கேட்கிற மெஷின், பதில் சொல்வது யார் என்று பார்க்காது. யார் முதலில் கொடுக்கிறார்களோ அவர்களிடம் வாங்கிக்கொள்ளும். அந்த வழி எங்கே போகிறது, போகிறதா இல்லையா என்றெல்லாம் விசாரிக்காது. புத்தகத்தில் இதைப் படித்திருந்தேன். படித்ததற்கும் பட்டதற்கும் நடுவே அந்தக் கடை இருந்தது.

மாற்றிய சில வாரங்களில் வெள்ளிக்கிழமைத் தொல்லை தொடங்கியது. பாய் என்ன நினைப்பார்? "நீ அந்த ஆட்டோமேட்டிக்கப் போட்டதுலேர்ந்துதான்" என்றார். எங்கள் முதலாளி சேகர் சாரும் அதையே சொன்னார்.

"பழையபடி நம்பரப் போட்டு விட்டுட்டு வா சுமதி. கஸ்டமர்க்கு நெட் வந்தா போதும். ஒனக்குக் காரணம் வேணும்னா ரிட்டயர் ஆனப்புறம் தேடிக்க."

அப்படிச் செய்திருந்தால் நெட் வந்திருக்கும் என்று பிறகு தெரிந்தது. ஆனால் காரணம் தெரியாமல் சரியானதை நான் சரியானதாக ஒத்துக்கொள்வதில்லை. வீட்டில் இதற்குத் திமிர் என்று பெயர்.

3. ரிஸ்வானா கேட்ட ஒரு கேள்விக்காக

ஒரு வியாழக்கிழமை பாய் போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது. "நாளக்கி ஜும்மா முடியறப்ப நீ கடையில இருக்கணும்மா. வெளில சொல்லிக்காத. ரிஸ்வானா பேசணுங்குது."

ரிஸ்வானா அவர் மகள். பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம். மூன்றாம் தெரு அஸ்லம் என்கிற பையனுக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். அவன் துபாயில் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை. வருகிற ஞாயிறு நிச்சயம். பையன் நேரில் வர முடியாது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள்.

அதற்கு முன்னால் அவனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று ரிஸ்வானா பிடிவாதம் பிடித்திருக்கிறாள். போனில் கேட்டால் போதாதா என்றதற்கு, போனில் முகம் தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஜும்மாவுக்காக மதியம் எல்லா மெஷினையும் அணைத்துப் பூட்டிவிட்டு, தொழுகை முடிந்து மறுபடி திறப்பது அந்தக் கடையின் வழக்கம். பாய் பள்ளிவாசலிலிருந்து திரும்பவில்லை. ரிஸ்வானா மேலே வீட்டுக்குப் போகிற மாடிப்படியின் அடியில் நின்றிருந்தாள்.

"அக்கா, இன்னக்கி நெட் நிக்காதுல்ல?"

"நிக்காம பாத்துக்கறேன். அப்படி என்ன கேக்கப் போற?"

சொல்லுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொன்னாள். "எங்க ராத்தாவ நிக்காஹ் முடிஞ்ச கையோட கூட்டிக்கிட்டுப் போறேன்னாங்க. நாலு வருஷமாச்சு. மாமியா வீட்டு அடுப்படியிலதான் இருக்கு. மச்சான் வருவாரு, லீவு முடிஞ்சா போவாரு. இவங்களும் அதே வார்த்தயத்தான் சொல்றாங்க. கூட்டிக்கிட்டுப் போவீங்களா, இல்லியான்னு கேக்கணும். இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சாவணும். ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் யாரு என் பேச்சக் கேப்பா?"

ராத்தா என்பது அவள் அக்கா. எனக்கு அவளைத் தெரியும், கடைக்கு வந்து கணவரோடு வெப்கேமராவில் பேசுவாள். பேசி முடித்துவிட்டும் கொஞ்ச நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். 

பாய் வந்து ஷட்டரை முழுசாகத் தூக்கினார். எல்லா மெஷினையும் ஆன் செய்தோம். அஸ்லம் அங்கே ஒரு நெட் கஃபேயில் காத்திருப்பான். கடை வேலை என்பதால் வெள்ளிக்கிழமையும் அவனுக்கு லீவு கிடையாது, மதியச் சாப்பாட்டு இடைவேளை முடிகிற வரைக்கும்தான் நேரம். நான்காம் கேபினில் ரிஸ்வானாவுக்காக நாற்காலி போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தேன். நெட் வரவில்லை.

பக்கத்துக் கேபினில் வந்தது. அதற்கடுத்ததில் வரவில்லை. பாய் கடிகாரத்தைப் பார்த்தார்.

கறுப்புத் திரையைத் திறந்து ஐ.பி. கான்ஃபிக் போட்டுப் பார்த்தேன். வேலை செய்கிற மெஷினில் நாங்கள் கொடுக்கிற வரிசை அட்ரஸ். வேலை செய்யாததில் வேறு வரிசை. அட்ரஸ் கொடுத்தது யார் என்கிற இடத்தில் எனக்குத் தெரியாத ஓர் எண். அதாவது, இந்த நெட்வொர்க்கில் எங்கள் மெயின் மெஷினைத் தவிர வேறு யாரோ உட்கார்ந்து அட்ரஸ் விநியோகம் செய்கிறார்கள். முந்திக்கொண்டு கொடுக்கிறார்கள். வாங்கிக்கொண்ட மெஷின்கள் வெளியே போக வழி தெரியாமல் நிற்கின்றன.

இத்தனை வாரம் நான் சனிக்கிழமை வந்து தேடிய பேயை வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டேன். எனக்கு வந்த சந்தோஷத்தை அந்த நேரத்தில் வெளியே காட்ட முடியவில்லை.

ஸ்டூல் போட்டு ஏறி, எல்லா கேபினின் கேபிளும் வந்து சேர்கிற ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்தேன். கடைசி போர்ட்டில் ஒரு நீலக் கேபிள். சனிக்கிழமைகளில் அதில் விளக்கு எரியாது. இப்போது சிமிட்டிக்கொண்டிருந்தது.

"பாய், இது எங்க போவுது?"

"மேல வீட்டுக்கும்மா. புள்ளைங்களுக்கு கம்ப்யூட்டர் வாங்கலாம்னு டி.வி. கேபிள்காரர விட்டு இழுத்து வச்சேன். இன்னும் வாங்கல. மேல ஒண்ணுமில்ல."

"நான் போய்ப் பாக்கலாமா?"

கொஞ்சம் தயங்கினார். "விருந்தாளி இருக்காங்க. ம், நீ பொம்பளப் புள்ளதானே, போ." எங்கள் கடையிலிருந்து ஆண் யாராவது வந்திருந்தால் அந்த மாடிப்படி ஏறியிருக்க முடியாது. அந்தக் கோளாறு என்றைக்கும் பிடிபட்டிருக்காது.

4. ஷோகேஸில் என்ன எரிந்தது

கூடத்தில் அஸ்லமின் அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தார், கூட இரண்டு உறவுக்காரப் பெண்கள். கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் வந்து போவது வழக்கமாகியிருந்தது. பாயின் மனைவி ஜொஹரா தட்டுகளில் வட்டலப்ப இனிப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

எதிரே கண்ணாடி ஷோகேஸ். சென்ட் பாட்டில்கள், தங்க விளிம்பு போட்ட டின்னர் செட், பெரிய டார்ச். சபுரிலிருந்து வந்ததெல்லாம் அந்த ஊரில் ஷோகேஸுக்குத்தான் போகும். நடுத்தட்டில், ஒரு வெல்வெட் துணி மேல், இரண்டு ஆண்டெனாவோடு ஒரு வயர்லெஸ் ரூட்டர். வரிசையாகப் பச்சை விளக்குகள். பின்னால் நீலக் கேபிள்.

"என்னம்மா பாக்குற? எம் புள்ள அனுப்புனது" என்றார் அஸ்லமின் அம்மா. "சம்பந்தி கம்ப்யூட்டர் கட வச்சிருக்காங்கன்னு சொன்னேன், ஒடனே வாங்கி ஆள்கிட்ட குடுத்து வுட்டுட்டான். அங்க அவனுக்குத் தனி ஃபிளாட்டு. நிக்காஹ் முடிஞ்ச கையோட கூட்டிக்கிட்டுப் போயிடுவான்."

ஜொஹரா என்னை அடுப்படிப் பக்கம் இழுத்தார். "என்னாச்சு?"

"அந்த டப்பா எப்பவும் ஆன்ல இருக்குமாக்கா?"

"இல்லம்மா, கரண்டு வீணாவும்ல? சம்பந்தி வூட்டுக்காரங்க வரும்போது மட்டும் போடுவேன். அனுப்புன சாமான மூலையில போட்டுட்டோம்னு நெனைக்கக் கூடாதுல்ல. மொதல்ல ஒரு லைட்டுதான் எரிஞ்சுது, கெட்டுப்போன சாமான் மாதிரி இருந்துச்சு. சும்மா கெடந்த ஒயரச் சொருவுனேன், அழகா எல்லாம் எரியுது."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பெண் கேட்டு வந்த வீட்டுக்கு மரியாதை செய்ய விளக்கு எரிய வைத்திருக்கிறார் அந்த அம்மாள். விளக்கு எரியும்போதெல்லாம் அந்த ரூட்டர் கீழே கேட்கிற மெஷின்களுக்கெல்லாம் தாராளமாக அட்ரஸ் கொடுத்திருக்கிறது. அதற்கே வெளியே போக வழி கிடையாது. ஜும்மா முடிந்து கடை திறக்கிற நேரமும் விருந்தாளி வருகிற நேரமும் ஒன்று. மறுநாள் காலையில் ரூட்டர் உறங்கும், நான் வந்து நிற்பேன்.

"இதப் புடுங்கிட்டா கீழ நெட் வந்துரும்" என்றேன்.

ஜொஹராவின் முகம் மாறியது. "அவங்க கண்ணு முன்னாடியா? என்னம்மா நீ. மாப்பிள்ளை வூட்டு சாமான கழட்டி வச்சாங்கன்னு போய்ச் சொல்வாங்க."

ரிஸ்வானா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவனைப் பார்க்கவிடாமல் செய்வது அவன் அனுப்பிய சாமான்தான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. "வேற வழி இல்லியாக்கா?" என்றாள் மெதுவாக.

இருந்தது. கூடத்துக்குப் போய், "நல்ல கம்பெனி போல இருக்கே, பாக்கலாமா?" என்று கேட்டு ரூட்டரைக் கையில் எடுத்தேன். அஸ்லமின் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடியில் ஒட்டியிருந்த லேபிளில் யூசர் நேம், பாஸ்வேர்டு. மனதில் வாங்கிக்கொண்டு, துணி மேல் அலுங்காமல் திரும்ப வைத்தேன்.

"புடுங்க வேணாம்" என்று படியில் இறங்கும்போது ரிஸ்வானாவிடம் சொன்னேன். "லைட்டு எரியட்டும். வாய மட்டும் அடச்சிடுவோம்."

5. கேபின் நான்கு

வேலை செய்யாத மெஷினிலிருந்தே அந்த ரூட்டருக்குள் போனேன். அது கொடுத்த அட்ரஸ்தானே, வழி விட்டது. டி.எச்.சி.பி. சர்வர் என்கிற இடத்தில் டிஸேபிள் கொடுத்து சேவ் செய்தேன். பிறகு நான்காம் கேபினில் பழைய அட்ரஸை விடுவித்துப் புதிதாகக் கேட்கச் சொன்னேன். இம்முறை பாயின் மேசையடியிலிருந்து பதில் வந்தது. மாடியில் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன.

அஸ்லம் திரையில் வந்தான். மெலிந்த பையன், கண்ணாடி போட்டிருந்தான். ரிஸ்வானா உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கேபின் கதவைத் திறந்து வைத்து, வாசலில் ஸ்டூல் போட்டுப் பாய் உட்கார்ந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார், அது எனக்குப் பிடித்திருந்தது.

நான் கடைக் கோடிக் கேபினுக்குப் போய் வெளியே ஒரு சர்வருக்குப் பிங் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். லைன் தடைபட்டால் அதில் தெரியும். வரி வரியாகப் பதில் வந்துகொண்டிருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை, கேட்க முயலவும் இல்லை.

ரொம்ப நேரம் பேசவில்லை. ரிஸ்வானா எழுந்து நேராக என்னிடம் வந்தாள். பாயும் பின்னால் வந்தார்.

"அக்கா, நான் கேட்டதும் அவரு அப்படியே அசையாம இருந்தாரு. கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல. அப்புறம்தான் பேசுனாரு. அது நெட்டா, அவரா?"

பாய் என்னைப் பார்த்தார். நெட்டுதான் என்று நான் சொல்ல வேண்டும் என்று அந்த மனிதர் ஆசைப்பட்டது கண்ணில் தெரிந்தது. இத்தனை வாரமாக நெட்டைக் குறை சொன்னவர், அன்றைக்கு மட்டும் நெட் கெட்டுப்போயிருந்தால் தேவலை என்று நினைத்தார். மாடியில் சம்பந்தி உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் சுமுகமாக முடித்துவிடலாம். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் அவள் என்னைக் கேட்டது வேலை தெரிந்தவள் என்பதற்காக.

"அவருக்குப் பின்னால ஏதாவது அசஞ்சுதா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "ஒருத்தரு டீ க்ளாஸ் எடுத்துக்கிட்டு நடந்து போனாரு."

"அப்ப படம் நிக்கல. எங்க லைனும் தடைபடல, இங்க பாரு. அது அவர்தான் ரிஸ்வானா."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. அப்பா பக்கம் திரும்பிப் பேசினாள்.

"இப்ப கூட்டிக்கிட்டுப் போவ முடியாதுன்னு சொன்னாரு அத்தா. ஃபிளாட்டெல்லாம் இல்லியாம். ஒரே ரூம்ல கட்டில் மேல கட்டில் போட்டுப் படுக்குறாங்களாம். அம்மா வருத்தப்படுமேன்னு மாத்திச் சொல்லி வச்சிருக்காராம்."

பாய் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் போய் சொல்லிடறேம்மா. வேணாம்னு சொல்லிடறேன்."

"நான் வேணாங்கல அத்தா. ராத்தா கேட்டப்ப மச்சான் யோசிக்கவே இல்ல, போனுலயே ஒடனே கூட்டிட்டுப் போறேன்னாரு. இவரு யோசிச்சாரு. யோசிச்சிட்டு உண்மய சொன்னாரு. ஞாயித்துக்கெழம வேணாம், அவ்வளவுதான். ரூம் எடுத்துட்டு அவரே நாள் வைக்கட்டும். அதுவரைக்கும் நான் பி.எட். படிக்கறேன்."

பாய் எழுந்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு மாடிப்படி ஏறினார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அஸ்லமின் அம்மா இறங்கிப் போகும்போது ரிஸ்வானாவின் தலையில் கை வைத்துவிட்டுத்தான் போனார். முகத்தில் சிரிப்பு இல்லை.

அவள் பி.எட். முடித்தாள், ஓர் ஆண்டு உள்ளூர்ப் பள்ளியில் வேலையும் பார்த்தாள். அஸ்லம் ரூம் எடுத்தான். நிக்காஹுக்கு நான் போயிருந்தேன். துபாய் போய்ச் சேர்ந்து புது வீட்டில் நெட் வாங்கிய அன்று, ரூட்டரை எங்கே வைக்கலாம் என்று எனக்குப் போன் செய்து கேட்டாள். ஷோகேஸைத் தவிர எங்கே வேண்டுமானாலும் வை என்றேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் இரண்டு விஷயம் சொல்வதுண்டு. கோளாறு எந்த நாளில் வருகிறது என்று கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள், அந்த நாளில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்றும் கேளுங்கள். இன்னொன்று நான் அன்றைக்குத்தான் கற்றது. லைனைச் சுத்தமாக வைத்துக்கொடுப்பதோடு நம் வேலை முடிகிறது. அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் ஒருவர் பேசாமல் இருந்தால், அது அவருடைய மௌனம் என்று தைரியமாகச் சொல்ல முடிய வேண்டும்.